ரிங்கர் சறோஜா

வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா நுன்சியா தன் தடித்த ஆங்கில அகராதியைத் திறந்திராவிட்டால், சறோஜா இன்றைக்கும் அந்த வீட்டுப் படுக்கை விரிப்புகளைத்தான் அயன் பண்ணிக்கொண்டிருப்பாள்.

இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோவில் வீடு கூட்டும் தமிழ்ப் பெண்ணிடம், ஊரில் உன் புருஷன் என்ன தொழில் செய்தான் என்று யாரும் கேட்பதில்லை. வந்த நாளிலிருந்து அவர்கள் எல்லாரும் வேலைக்காரர். அதற்கு முன்னால் அவர்களுக்கு வாழ்க்கை ஒன்று இருந்திருக்கக்கூடும் என்ற நினைப்பு அந்த வீடுகளுக்குள் வருவதில்லை. சிஞ்ஞோரா நுன்சியா கேட்டாள். அன்றைக்கு மழை, அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். சறோஜாவுக்கு இத்தாலியச் சொல் வரவில்லை. ஆகவே யாழ்ப்பாணம் முழுவதற்கும் தெரிந்த இங்கிலீசுச் சொல்லைக் கொஞ்சம் பெருமையோடு சொன்னாள்.

"ரிங்கர்."

இங்கிலீசு டிங்கர் யாழ்ப்பாணத்து எழுத்தில் ரிங்கர்; அங்கே ரிங்கர் என்றால் நசுங்கின காரைத் தட்டி நிமிர்த்துகிறவர். லொறி இடித்த கதவு, பனை விழுந்த கூரை, கிடங்கில் இறங்கிச் சொட்டையான மட்காட் எல்லாம் அவரிடம்தான் போகும். வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்லை எங்கள் சனம் தங்களுக்குத் தேவையான வேலைக்கு வைத்துக்கொண்டது. சிஞ்ஞோராவின் அகராதிக்கு இது தெரியாது. அது இரண்டு பொருள் சொன்னது: ஊர் ஊராய்ப் போய்ச் சட்டிக்கு ஈயம் பூசுகிறவன், நாடோடி.

அடுத்த நாள் வெள்ளிக் கரண்டி இருந்த லாச்சி பூட்டியிருந்தது.

அந்தக் கரண்டிகளை இரண்டு வருஷமாய்த் துலக்கியவள் சறோஜா. பூட்டைப் பார்த்தவுடனே அவளுக்கு விளங்கிவிட்டது, ஏன் என்பதுமட்டும் விளங்கவில்லை. பூட்டின் பித்தளையையும் சேர்த்துத் துலக்கிவிட்டுப் போனாள்.

ஆனால் சிஞ்ஞோராவின் பயத்தைவிட அவளது சிக்கனம் பலமானது. கொஞ்ச நாளில் பரணிலிருந்து உள்ளீயம் தேய்ந்த செப்புச் சட்டிகள் ஒவ்வொன்றாய் இறங்கின. "உன் ஸ்தஞ்ஞீனோவிடம் கொடு" என்றாள். அப்போதுதான் சறோஜாவுக்குக் கதை முழுவதும் பிடிபட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் அடுக்கிவிட்டுச் சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் இப்ப சட்டிக்கு ஈயம் பூசுறவராம்."

கோபாலசிங்கம் ஒரு சட்டியைத் தூக்கிச் சன்னலில் பிடித்து உள்ளே பார்த்தார். "பூசத் தெரியாதெண்டு நான் எங்கை சொன்னனான்?" என்றார். "நவச்சாரம் வாங்கி வாரும்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு சாமானைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சறோஜா செருப்பைக்கூடச் சரியாய் மாட்டாமல் கடைக்கு இறங்கினாள்.

அந்த இரண்டு வருஷமும் கோபாலசிங்கம் ஒரு வாத நோய்க்காரக் கிழவரைக் குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, தள்ளுவண்டியில் வெயிலுக்குக் கொண்டுபோய் வந்துகொண்டிருந்தார். கிழவர் நல்ல மனிதர். வேலையும் கேவலமான வேலை அல்ல. தன் உடம்பைத் தானே கழுவ ஏலாதவனைக் கழுவிவிடுவதில் கேவலம் என்ன இருக்கிறது? ஆனால் கொக்குவிலில் சொந்தக் கொட்டில் போட்டு ஒஸ்ரின் ஏ ஃபோட்டிக் கார்களை உயிரோடு வைத்திருந்த ஒரு மனிதனுக்கு, அவனுடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியில் வீட்டுவேலை என்று எழுதி, இனி நீ இதுதான் என்று சொல்வது கேவலம். அந்தக் கேவலம் எழுதியவர்களுடையது.

கிழவரின் குளியல் தண்ணீரைக் கோபாலசிங்கம் முழங்கையால் தொட்டுத்தான் சூடு பார்ப்பார், குழந்தைக்குப் பார்ப்பதுபோல. தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்முன் சறோஜாவைக் கேட்பார்:

"சுடுதோ?"

"ஓம், கொஞ்சம் பொறுங்கோ."

ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், ஒரு முகாமில் கைகளைப் பின்னால் கட்டி வைத்தார்கள். பிடிப்பதற்குத் தமிழன் என்ற ஒன்று போதுமாயிருந்தது. கட்டை அவிழ்த்தபோது இரண்டு கையும் இருந்தன, விரல்களும் இருந்தன. உணர்ச்சி திரும்பி வரவில்லை. பிடிக்கும், தூக்கும், சுத்தியலை இறுக்கும். சூடு, குளிர், மேடு, பள்ளம் எதுவும் தெரியாது. இது சறோஜாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ரிங்கருடைய கை செத்துப்போனதென்று தெரிந்தால் அவரிடம் யாரும் இனிக் காரைக் கொண்டுவரமாட்டார்கள் என்று கோபாலசிங்கம் நம்பினார். கார் கொண்டுவர ஒருவரும் இல்லாத பலேர்மோவிலும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

சட்டிகள் கண்ணாடிபோல் திரும்பிப் போயின. லாச்சி திறந்து கிடந்தது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சிஞ்ஞோராவின் தங்கை மகன் கலோஜெரோ வந்தான். எல்லாருக்கும் லில்லோ. கபோச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் கார் உடம்பு திருத்தும் கராச் வைத்திருந்தான். ஐம்பதை நெருங்கியவன், வயிறு பெரியது, குரல் அதைவிடப் பெரியது. சட்டிக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான்.

"இந்த ஈயம் யாருடைய வேலை?"

"அவளுடைய நாடோடி" என்றாள் சிஞ்ஞோரா.

"என் கணவர்" என்றாள் சறோஜா. "அவர் சட்டி செய்பவர் அல்ல. கார் செய்பவர்."

அப்படித்தான் அவர்கள் அந்தப் பிக்கப்பின் முன்னால் போய் நின்றார்கள்.

நாற்பதுகளின் அமெரிக்கப் பிக்கப் அது. யாரோ ஒருவருடைய சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, பகேரியாவில் எலுமிச்சைத் தோட்டத்தில் விட்டுச் செத்துப்போனார். பிறகு அதில் கோழிகள் குடியிருந்தன. லில்லோ அதை ஹொட் ரொட்டாக மாற்றிக்கொண்டிருந்தான். சுவர் முழுக்க அமெரிக்கச் சஞ்சிகைப் படங்கள்: கூரை பதிந்து, மட்காட் பருத்து, கைபிடி இல்லாத கதவுகளோடு, பதுங்கி நிற்கும் பூனைபோல வாகனங்கள். வாங்கப்போகிறவன் ஜெனோவாக்காரன். கதவும் மட்காட்டும் லில்லோவுக்கு வந்துவிட்டன. கூரை வரவில்லை.

கூரையை நாலு விரல் பதிக்க வேண்டும். சொல்ல லேசு. தூண்களை வெட்டி இறக்கினால், தூண்கள் சரிந்து நிற்பதால், மேலிருந்த கூரை கீழே பொருந்தாது. கூரையையே வெட்டி, இடையில் புதுத் தகடு போட்டு, நீட்டி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற சூட்டில் தகடு இழுபட்டு அலையடிக்கும். அந்த அலையைத் தட்டி, சூடு காட்டி ஈரத்துணியால் அணைத்துச் சுருக்கி, கடைசியில் மிஞ்சும் பள்ளத்துக்கு ஈயம் உருக்கி நிரப்பி அராவ வேண்டும். பட்டி பூசி மறைக்கலாம். ஒரு கோடைக்குத்தான் நிற்கும்.

கோபாலசிங்கம் வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சறோஜா வாகனத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணத்துக்கு அடுத்த மாதம், அவள் சாப்பாடு கொண்டுபோனபோது ஒரு ஏ ஃபோட்டிக்குக் கீழேயிருந்து எட்டிப் பார்த்த முகம் அது.

"இது ஏ ஃபோட்டியின்ரை அக்கா" என்றார் அவர்.

"என்ன சொல்கிறார்?" என்றான் லில்லோ.

"செய்வாராம்" என்றாள் சறோஜா.

லில்லோ நேராய்ப் பேசுகிறவன். கூரை சரிவந்தால் கராச்சில் ஆளாய் எடுப்பேன், ஒப்பந்தம் எழுதுவேன், ரிங்கர் வேலை என்றே எழுதுவேன் என்றான். சரிவராவிட்டால் நல்ல மதியச் சாப்பாடு ஒன்று போட்டு அனுப்புவேன் என்றான்.

கோபாலசிங்கம் கிழவரின் வீட்டில் லீவு எடுத்துக்கொண்டு வெட்டத் தொடங்கினார். வெட்டினார், பொருத்தினார், ஒட்டினார். கண்ணுக்குத் தெரிகிற வேலை எதிலும் குறை இல்லை. லில்லோ பக்கத்தில் நின்று தலையாட்டினான். பிறகு தடவிப் பார்க்க வேண்டிய நாள் வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே குசினியில் இருந்தார்.

"சறோ, எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

"தகடு. கையை வைச்சா மரத்திலை வைச்ச மாதிரிக் கிடக்கு. உவனுக்கு முன்னாலை தடவுற மாதிரி நடிச்சுப்போட்டு வந்திருக்கிறன். கண்ணாலை பாத்துப் பாதி பிடிக்கலாம். மிச்சம் பாதி பெயின்ற் அடிச்சாப் பிறகுதான் தெரியும். அப்ப என்ன செய்யிறது?"

சறோஜா தேத்தண்ணியை அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் கேட்கும்முன்னே "சுடுது" என்றாள். பிறகு தன்னுடைய கைகளைப் பார்த்தாள்.

"என்ரை கைக்குத் தெரியுமோ?"

"உதென்ன விளையாட்டே?"

"சொல்லித் தந்து பாருங்கோ. ஏலாட்டில் பேந்து பாப்பம்."

ஒலிவ் எண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து, பின்பக்கத்தால் மெல்லத் தட்டி அங்கங்கே புடைக்க வைத்தார். மேசையில் கவிழ்த்து, கண்ணை மூடச் சொன்னார். சறோஜா தடவினாள். வெறும் தகரம். விரல் வியர்த்து ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"விரல் நுனியாலை தேடாதையும்" என்றார். எழுந்துபோய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். "இதை இடையிலை வையும். தோல் தகட்டிலை ஒட்டும், சீலை வழுக்கும். உள்ளங்கையை முழுக்க வைச்சு நீட்டுக்கு இழும். சீலை ஓடட்டும், நீர் பின்னாலை போம்."

அவள் இழுத்தாள். இரண்டாம் இழுவையில் நின்றாள்.

"இஞ்சை என்னவோ மூச்சு எடுத்த மாதிரிக் கிடக்கு."

"மேடு" என்றார் கோபாலசிங்கம். அவருடைய குரல் வேறுமாதிரி இருந்தது. "அதுதான் மேடு."

"அயன் பண்ணின சீலையிலை மடிப்புப் பாக்கிறது உப்பிடித்தானே? சிஞ்ஞோராவின்ரை விரிப்பை நான் கண்ணாலை பாக்கிறேல்லை. கையாலைதான் பாக்கிறனான்."

"அப்ப நீர் கனகாலமா ரிங்கர்தான்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு பேருக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

ஒரு கிழமைக்குள் எண்ணெய்த் தகரம், குளிர்சாதனப்பெட்டிக் கதவு, சந்தில் நின்ற அயலவனின் காரின் முன்மூடி எல்லாம் சறோஜாவின் கையால் தடவப்பட்டுவிட்டன. அயலவன் மேல்மாடியிலிருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டபோது, தூசி தட்டுகிறேன் என்றாள். அவன் நன்றி சொன்னான்.

அந்தப் பதிலில்தான் வழி கிடைத்தது. ஒரு வெளிநாட்டு வேலைக்காரி கையில் துணியோடு நின்றால், உலகத்தில் எவனும் அவளைப் பார்ப்பதில்லை. துடைக்கிறாள் என்று மூளை சொல்லிவிடும், கண் வேறுபக்கம் போய்விடும். சறோஜா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு கொண்டுபோனாள், பாஷை மாற்றிச் சொல்ல நின்றாள், நின்ற நேரத்தில் கூரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே புருஷனோடு தமிழில் கதைத்தாள்.

"பள்ளம். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். ஓம், அதிலை. பேந்து இஞ்சை சின்ன மேடு."

கோபாலசிங்கம் உட்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து வெளியே தட்டுவார். பள்ளம் என்ற இடத்தில் ஈயம் வைப்பார்.

"இதென்ன எப்போதும் பல்லா, பல்லா?" என்று லில்லோ ஒருநாள் கேட்டான். பல்லா என்றால் அவர்களுக்குப் பந்து. "உங்கள் ஆள் உதைபந்து பார்க்கிறாரா?"

"விசர்மாதிரிப் பார்ப்பார்" என்றாள் சறோஜா.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் போக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க்கடை வைத்திருந்த இராஜதுரை அண்ணையின் காதுக்கும் போனது. சங்கத்துக்குத் தலைவர், கோயில் காரியத்துக்குத் தலைவர், கடையில் அரிசி நிறுக்கும்போதும் தலைவர்.

"பிள்ளை, கோபாலசிங்கம் ஊரிலை தகரம் தட்டினது காணாதே? வெள்ளைக்காரற்றை ஊரிலையும் தகரமோ? அதுக்குள்ளை பெம்பிளை, கராச்சுக்குப் போறியாம்."

"சாப்பாடு கொண்டு போறன் அண்ணை."

"நாங்கள் ஆர், எந்தப் பகுதி, எதைத் தொடலாம் எண்டு ஒரு முறை இருக்கு. எப்பிடியும் உந்த வேலை சரிவரவேணுமெண்டால் பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடை ஏறி, இந்த ஊரைக் காக்கிற ரொசாலியா அம்மாவுக்கு மெழுகுதிரி வை."

"மெழுகுதிரி தகரத்தை நிமிர்த்துமோ அண்ணை?"

அவர் அரிசியை இன்னொரு தரம் நிறுத்தார். களவாய்க் கூட்டிவந்த தரகர் சொன்னதும் பெட்டி, படுக்கை, பேர் எழுதின கடதாசி எல்லாவற்றையும் வழியில் எறிந்துவிட்டு வந்த சனம் அது. சாதியைமட்டும் ஒருவரும் எறியவில்லை. அது நனையாமல், கசங்காமல் வந்து சேர்ந்திருந்தது. பகல் முழுக்க இத்தாலியரின் கழிப்பறையைக் கழுவிவிட்டுப் பின்னேரம் வந்து தகரம் தட்டுகிறவனைக் கீழே பார்க்க அவர்களுக்கு முடிந்தது.

கூரை முடியும் தறுவாயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லில்லோவே ஈயக்கோலையும் தீக்குழலையும் கையில் எடுத்துக்கொண்டான். அவனுக்கும் ஆசை இருக்காதா? கோபாலசிங்கம் வாகனத்துக்குள்ளே குந்தியிருந்தார். சறோஜா கண்ணை மூடி, வேட்டித் துண்டை ஒட்டுக்கு மேலே இழுத்து, உள்ளே இருந்தவருக்குச் சொன்னாள்:

"மேடு, மேடு."

சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள். மேடு என்றால் தட்டி இறக்க வேண்டிய இடம். ஆனால் சிசிலிக்காரன் காதுக்கு அது வேறு சொல். அவர்களுடைய பேச்சில் மெத்து என்றால் வைக்கிறேன் என்று பொருள். ஈயக்கோலை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு அது ஈயம் வைக்கச் சொல்வதாய்ப் பட்டது. வைத்தான். உருக்கி, மரக்கட்டையால் வழித்து, நன்றாக வைத்தான். சறோஜா பின்பக்கத்து அடுப்பில் கோப்பி வைக்கப் போனாள்.

கோபாலசிங்கம் வெளியே வந்து, ஈயம் இருப்பதைக் கண்டு, பள்ளம் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள் என்று நினைத்து அந்த இடத்தை அராவினார். லில்லோ கேட்டான்:

"சிங்கோ, சரியா?"

அவர் கையால் ஒரு இழுவை இழுத்தார். "வா பேனே" என்றார். எல்லாம் நல்லது.

லில்லோ குழல் விளக்கைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தான். வெளிச்சக் கோடு கூரையில் நேராய் ஓடி வந்து, ஒரு இடத்தில் அவித்த முட்டைமேல் ஏறி இறங்கினதுபோல வளைந்தது.

"இன்னொருதரம் தொட்டுப் பார்."

"வா பேனே."

லில்லோ அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, கையைக் கொண்டுபோய் அந்த முட்டையின்மேல் வைத்தான். "இங்கே? இங்கே என்ன இருக்கிறது, சிங்கோ?"

கோப்பியோடு வந்த சறோஜா கண்டது இதைத்தான்: ஒருவன் தன் புருஷனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறான், அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறார்.

"கையை விடு" என்றாள். குரல் உயரவில்லை. லில்லோ சுட்டதுபோல விட்டான்.

"அவருடைய விரல்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரில் ஒரு முகாமில் கட்டி வைத்தார்கள். தட்டியது, ஒட்டியது எல்லாம் அவர். தொட்டுப் பார்த்தது நான்."

"நீ துடைத்துக்கொண்டிருந்தாய்."

"துடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பிறகு ஏன் இந்த இடத்தில் ஈயம் வைக்கச் சொன்னாய்? மெத்து, மெத்து என்றாயே."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. வேட்டித் துண்டை எடுத்துத் தன்னுடைய முழங்கை முட்டியின்மேல் விரித்துக் காட்டினாள். "மேடு. இது மேடு. இதற்குமேல் யாராவது ஈயம் வைப்பார்களா?"

லில்லோவின் உதடு ஒரு கணம் துடித்தது; சிரித்துவிடுவான்போல இருந்தது. சிரிக்கவில்லை. "நான் ஒரு ஆளுக்கு வேலை சொன்னேன்" என்றான். "நீங்கள் என் கண்ணுக்கு முன்னால் இத்தனை நாள் நாடகம் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போங்கள்."

கோபாலசிங்கம் சாமான்களைத் துடைத்து, ஒவ்வொன்றாய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். சந்தைக்குள்ளே நடந்து வரும்போது ஒரு இடத்தில் நின்றார்.

"கிழவர் நல்ல மனுசன்" என்றார். "ஒரு குறையும் இல்லை."

சறோஜா அவருடைய சட்டையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும். மீன்கடைக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திங்களன்று அவர் முழங்கையால் தண்ணீர் பார்க்கப் போனார். சறோஜா ஒரு விரிப்பைக் கருக்கினாள். சிஞ்ஞோரா கருகின இடத்தைப் பார்த்தாள், சறோஜாவைப் பார்த்தாள், விரிப்பை மடித்துத் தூர வைத்தாள். "பழசுதான்" என்றாள். அது பழசில்லை.

வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரமே இல்லாத நேரத்தில், லில்லோ வந்து குசினிக் கதவில் நின்றான்.

"கூரை அலையடிக்கிறது" என்றான்.

சறோஜா அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த முட்டையை நான் அராவி எடுத்துவிட்டேன். பிறகு பக்கத்தில் வந்தது. அதை எடுத்தேன், இந்தப் பக்கம் வந்தது. கையை வைத்தால் எனக்குச் சரி. விளக்கைப் பிடித்தால் பிழை. நீ துடைத்த பக்கம் முழுக்க அசையாத தண்ணீர் மாதிரி இருக்கிறது, நான் தொட்ட பக்கம் கடல்." மூச்சு வாங்கினான். "நான் தர்மம் செய்ய வரவில்லை. எனக்குக் கூரை வேண்டும். சிங்கோ வரட்டும், வேலை உண்டு. நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் வா, முன்போலவே."

இதைத்தான் நாலு நாளாய்ச் சறோஜா வேண்டிக்கொண்டிருந்தாள், யாரிடம் என்று தெரியாமலே. அவர் திரும்பவும் ரிங்கர். ஓம் என்றால் முடிந்தது. வாய் திறந்தாள். வேறு சொல் வந்தது.

"முன்போல என்றால் எப்படி? துடைக்கவா?"

"அப்படியில்லை..."

"ஒரு கூரைக்கு இரண்டு ஆள் வேலை செய்தோம். இரண்டு ஒப்பந்தம் எழுதுங்கள்."

"உனக்கு என்ன வேலை என்று எழுதுவேன்? தடவுகிற வேலை என்று ஒன்று இல்லையே."

"அவருக்கு என்ன எழுதுவீர்களோ, அதை."

"பெண்ணுக்கு அந்தச் சொல்லே கிடையாது."

"ஆண்களுக்கு உண்டல்லவா? உங்கள் பாஷையில் கடைசி எழுத்து மாறினால் பெண்ணாகிவிடுமே, மாற்றிவிடுங்கள்."

லில்லோ உதவி தேடிப் பெரியம்மாவைப் பார்த்தான். சிஞ்ஞோரா நுன்சியா எவ்வளவு நேரமாய் வாசலில் நின்றாளோ தெரியாது.

"அவள் என்னுடைய வேலைக்காரி" என்றாள். பிறகு சறோஜாவின் பக்கத்தில் அடுக்கியிருந்த விரிப்புகளில் மேலே இருந்ததைத் தன் கையால் ஒருதரம் தடவினாள். "இவள் வருமுன் இருபது வருஷமாய் இந்த மாதிரி விரிப்பில் நான் படுத்ததில்லை. இவளை முன்போல என்று கூப்பிடாதே, லில்லோ. ஒழுங்காய்க் கூப்பிடு. அந்த அகராதியை நான் எரித்திருக்க வேண்டும்."

ஒழுங்காய்க் கூப்பிட்டான்.

கோபாலசிங்கத்திடம் அன்று பின்னேரம் சறோஜா சொன்னபோது அவர் மேசைமேல் இருந்த எண்ணெய்த் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உமக்கு விருப்பமோ?" என்றார். "எனக்காக வாறதெண்டால் வேண்டாம். கை கறுக்கும், நகம் போகும்."

"உங்களுக்காகத்தான் தொடங்கினனான்" என்றாள். "இப்ப எனக்கும் அந்தக் கூரை வேணும்."

கூரை சித்திரை முடிவில் தண்ணீர் மாதிரி வந்தது. வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு அராவினார்கள். இந்தமுறை சறோஜா துடைக்கிறமாதிரி நடிக்கவில்லை. வாகனத்துக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, நேரமெடுத்துப் பார்த்தாள். பள்ளம், மேடு என்ற இரண்டு சொல்லையும் லில்லோ படித்துக்கொண்டான். மேடு என்று கேட்டவுடன் ஈயக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் காட்டுவான்.

இராஜதுரை அண்ணை அரிசி நிறுத்துக்கொண்டே கேட்டார்: "இப்ப ஒவ்வொருநாளும் போறியாம். அங்கை என்ன வேலை உனக்கு? கூட்டித் துடைக்கிறதோ?"

"ரிங்கர் அண்ணை."

"கோபாலசிங்கமெல்லோ ரிங்கர்?"

"அவரும்தான்" என்றாள் சறோஜா. "அரிசி குறையுது அண்ணை, இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

ஜெனோவாவுக்குப் போகும் கப்பலில் ஏற்ற வாகனத்தைக் கொண்டுபோன நாளில் மூவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். கத்தரிப்பூ நிறம் அடித்திருந்தது. வெயிலில் கூரை ஒரே இழுப்பாய், எங்கே வெட்டினது எங்கே ஒட்டினது என்று செய்தவர்களுக்கே தெரியாமல் கிடந்தது. காகிதத்தில் கையெழுத்து வாங்க லில்லோ ஒரு அறைக்குள் போய், உள்ளே யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

கோபாலசிங்கம் கையைத் தூக்கிக் கூரையில் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு அது தடவிப் பார்க்கிறமாதிரி இருக்கும். சறோஜா வேட்டித் துண்டை அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். வெறுங்கையை அவருடைய கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சுடுதோ?" என்றார்.

"ஓம். நல்லாச் சுடுது. கையை எடுங்கோ."

"நீர் எடும். எனக்கு ஒண்டும் செய்யாது."

அவள் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, உள்ளங்கை சிவந்தபிறகு, தன் கையையும் அவருடைய கையையும் சேர்த்து எடுத்தாள்.